நகத்தைப் பார்த்து நோய் சொல்கிறவர்களுக்கு

வெள்ளைப் புள்ளி இருந்தால் கால்சியம் குறைவு. மஞ்சளாக இருந்தால் ஈரல் கெட்டுவிட்டது. நீலம் பாய்ந்தால் இதயக் கோளாறு. கறுப்புக் கோடு விழுந்தால் புற்றுநோய். எத்தனை விரலில் பிறை தெரியவில்லையோ உடம்பில் அத்தனை பலவீனம். பத்து விரல் படங்களும் பத்து நோய்ப் பெயர்களும் கொண்ட இந்தப் பட்டியல் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது, இதழ்களின் நலப் பக்கங்களில் வருகிறது, காலை நேரத் தொலைக்காட்சியில் யாராவது ஒருவர் சிரித்த முகத்தோடு ஒப்பிக்கிறார். கேட்டவர் உடனே தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொள்கிறார். கண்ணாடி இல்லாமல் பார்த்துக்கொள்ள முடிகிற இடம் என்பதால் பயமும் சீக்கிரம் பிடிக்கிறது.

இந்தப் பட்டியலைக் கிழித்துப் போட வேண்டும் என்பது என் கட்சி. அதில் சில வரிகளில் அரை உண்மை இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டேதான் சொல்கிறேன். முழுப் பொய்யாக இருந்திருந்தால் இத்தனை காலம் தாக்குப்பிடித்திருக்காது.

முதலில் ஒரு சோதனை. பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு, தேர்தலுக்கு மறுநாள் புதுச்சேரி நேரு வீதியில் ஒரு நடை நடந்து பாருங்கள். ஓட்டுப் போட்ட அத்தனை பேருக்கும் இடது ஆள்காட்டி விரல் நகம் கறுத்திருக்கும். 1962 பொதுத்தேர்தலில் அறிமுகமாகி, இன்றுவரை மைசூரில் தயாராகிற அந்த மையில் சில்வர் நைட்ரேட் இருக்கிறது. தோலில் பட்டது சில வாரங்களில் போய்விடும். நகத்தில் பட்டது நகம் வளர்ந்து நாம் வெட்டி எறியும்வரை இருக்கும். மாதக்கணக்கில் அந்தக் கறையோடு திரிகிறோம், யாரும் மருத்துவரிடம் ஓடுவதில்லை. கறை எப்படி வந்தது என்று தெரியும், அவ்வளவுதான். நிறத்தை மட்டும் பார்த்தால் எதுவும் தெரியாது, அந்தக் கைக்கு என்ன நடந்தது என்று கேட்டால் பெரும்பாலும் தெரிந்துவிடும். பட்டியல் இந்த ஒரு கேள்வியைத்தான் கேட்பதே இல்லை.

இதே ஊரின் பழைய கதையையும் பாருங்கள். பிரெஞ்சுக்காரர் காலத்தில் இங்கிருந்து ‘கினே’ என்ற அவுரிச் சாயத் துணி கப்பலேறிச் செனகலுக்குப் போனது. அங்கே மரப்பிசின் வாங்க அந்த நீலத் துணியே பணமாகப் புழங்கியது. அந்தத் துணிக்காக அவுரித் தொட்டியில் நாளெல்லாம் கை நனைத்தவர்களின் நகம் என்ன நிறத்தில் இருந்திருக்கும்? பட்டியலை நம்பினால் அக்காலப் புதுச்சேரியின் சாயக்காரர் தெரு முழுக்க இதய நோயாளிகள்! ஆரோவில் பக்கம் இப்போதும் அவுரிச் சாயம் போடுகிறார்கள். வீட்டுக்குள்ளே மஞ்சள் அரைத்த கை, மருதாணி வைத்த கை, ஞாயிற்றுக்கிழமை தலைக்குச் சாயம் பூசிவிட்ட கை, விடாமல் சிகரெட் பிடிக்கும் கை, அடர்சிவப்பு நகப்பூச்சை மாதக்கணக்கில் போட்டு எடுத்த கை என்று இவை ஒவ்வொன்றும் நகத்துக்குத் தன் நிறத்தைக் கொடுத்துவிட்டுத்தான் போகும்.

நகம் எப்படி உண்டாகிறது என்பது தெரிந்தால் பாதி மயக்கம் தீரும். நாம் வெட்டுகிற தகடு கெரட்டின் என்ற புரதத்தால் ஆன, உயிரற்ற பொருள். அதற்குள் ரத்தம் ஓடுவதில்லை. தோலுக்கு அடியில் மறைந்திருக்கும் நகவேர்தான் அதை அன்றாடம் செய்து வெளியே தள்ளுகிறது. கை நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளரும். முழு நகமும் மாற ஆறு மாதம் ஆகும். கால் கட்டைவிரலுக்கு ஒரு வருடம், ஒன்றரை வருடம்கூட. வில்லியம் பீன் என்ற அமெரிக்க மருத்துவர் தன் கட்டைவிரல் நகத்தில் குறி போட்டு 35 ஆண்டுகள் அதன் வளர்ச்சியை அளந்து, 1980இல் கட்டுரையாக எழுதினார். வயது ஏற ஏற வேகம் குறைந்தது என்பது அவர் கண்டது. அத்தனை ஆண்டு பார்த்தவர் அதற்கு மேல் எந்த ஆரூடமும் சொல்லவில்லை.

ஆக, நிறம் மூன்று இடத்தில் உட்காரலாம்: தகட்டின் மேலே, தகட்டுக்குள்ளே, தகட்டுக்கு அடியில் உள்ள சதைப் படுக்கையில். மேலே இருப்பது வெளியிலிருந்து வந்த சாயம். உள்ளே இருப்பது நகவேரில் என்றோ நடந்த சங்கதி. அடியில் இருப்பதுதான் ரத்தத்தோடும் உடம்போடும் நேரடியாகத் தொடர்புள்ளது. பட்டியல் இந்த மூன்றையும் ஒரே வண்ணப் பென்சிலால் தீட்டிவிடுகிறது.

கால்சியத்துக்கு வருவோம், ஏனென்றால் அதிகம் பேர் நம்புவதும் அதிகம் பேர் காசு கொடுப்பதும் இதற்குத்தான். நகத்தின் எடையில் கால்சியம் ஒரு சதவீதத்தைக்கூடத் தொடாது. நகத்துக்கு உறுதி தருவது கெரட்டினுக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்பு. அங்கங்கே விழும் வெள்ளைப் புள்ளி பெரும்பாலும் நகவேரில் பட்ட சின்ன அடி: கதவு இடுக்கு, மேசை விளிம்பு, நகம் கடிக்கிற பழக்கம், அழகு நிலையத்தில் நகக்கண்ணைக் குச்சியால் அழுத்தித் தள்ளுவது. அடி பட்ட இடத்தில் செல்கள் சரியாக முதிராமல் தகட்டுக்குள் மாட்டிக்கொள்கின்றன, ஒளி சிதறி வெள்ளையாகத் தெரிகிறது. அடி பட்டதற்கும் புள்ளி வெளியே தெரிவதற்கும் நடுவில் வாரங்கள் ஓடிவிடுவதால் எதனால் வந்தது என்பது யாருக்கும் நினைவிருப்பதில்லை. நினைவில்லாத இடத்தில் கால்சியம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மாத்திரை சாப்பிடுகிறோம், மூன்று மாதத்தில் புள்ளி போய்விடுகிறது. சாப்பிடாமல் இருந்தாலும் போயிருக்கும், வளர்ந்து நுனிக்கு வந்து நகவெட்டியில் போயிருக்கும்.

நம் பிள்ளைகள் பறக்கிற கொக்கைப் பார்த்துக் கையை ஆட்டி நகத்தில் பூப் போடச் சொல்வார்கள்; பூ விழுந்தால் புதுத்துணி கிடைக்கும் என்பார்கள் பாட்டிமார்கள். இரண்டில் எது மூடநம்பிக்கை என்று என்னைக் கேட்டால் கால்சியத்தைத்தான் காட்டுவேன். கொக்கு காசு கேட்பதில்லை.

உடம்பின் உள்ளே நடப்பதைச் சொல்லும் வெள்ளையும் உண்டு. அது வேறு மாதிரி இருக்கும். ராபர்ட் மூர்க்கி 1956இல் எழுதிய கோடுகள் அப்படிப்பட்டவை. ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் மிகவும் குறைந்தவர்களுக்கு, 100 மில்லிலிட்டருக்கு 2.2 கிராமுக்கும் கீழே போனவர்களுக்கு, நகத்தின் குறுக்கே இரட்டை வெள்ளைக் கோடு தெரியும். அது படுக்கையில் இருப்பதால் நகம் வளர்ந்தாலும் நகராது. விரலை அழுத்தினால் மறையும். புரதம் தேறினால் தானே போய்விடும். ஒரே வெள்ளை நிறம்தான். ஒன்று கதவு இடுக்கில் மாட்டியது, மற்றது சிறுநீரகம் புரதத்தைக் கசியவிடுவதால் வருவது. படத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும்.

“அப்படியானால் மருத்துவர்களே கையைப் பிடித்து நகத்தைப் பார்க்கிறார்களே, மருத்துவப் புத்தகத்தில் அத்தியாயமே இருக்கிறதே” என்பது அடுத்த வாதம். நல்ல வாதம், பட்டியலின் முழு பலமும் இதில்தான் இருக்கிறது. 1954இல் ரிச்சர்ட் டெர்ரி லான்செட் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஈரல் சுருக்க நோய் உள்ள 100 பேரைப் பார்த்ததில் 82 பேருக்கு நகம் நுனியில் ஒரு கீற்றைத் தவிர மற்றதெல்லாம் வெளுத்திருந்தது. ‘டெர்ரி நகம்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. அந்த 82தான் கை மாறிக் கை மாறி ‘நகம் வெளுத்தால் ஈரல் போச்சு’ என்று ஆகிப் பட்டியலுக்குள் நுழைந்தது.

கவனியுங்கள், டெர்ரி ஈரல் நோயாளிகளிடமிருந்து நகத்துக்குப் போனார். பட்டியல் நகத்திலிருந்து ஈரலுக்குப் போகிறது. மழை பெய்தால் கடற்கரைச் சாலை நனையும். சாலை நனைந்திருக்கிறது என்பதால் மழை பெய்தது என்று ஆகாது, தண்ணீர் லாரி போயிருக்கலாம். முப்பது ஆண்டு கழித்து, 1984இல், ஹோல்ஸ்பெர்க், வாக்கர் என்ற இருவர் அதே லான்செட்டில் இதைச் சோதித்து எழுதினார்கள். மருத்துவமனையில் அடுத்தடுத்துச் சேர்ந்த 512 பேரைப் பார்த்தார்கள், என்ன நோய் என்று பிரிக்காமல். நால்வரில் ஒருவருக்கு டெர்ரி நகம் இருந்தது. ஈரல் நோயோடு, நாள்பட்ட இதயச் செயலிழப்பு, நடுவயதில் வரும் சர்க்கரை நோய், இவற்றோடு வெறும் முதுமையும் அதற்குக் காரணமாக இருந்தது. எழுபது வயதுத் தாத்தாவின் வெளுத்த நகத்தைப் பார்த்து, அவர் வாழ்நாளில் சாராயக்கடைப் பக்கம் போகாதவராக இருந்தாலும், “ரகசியமாகக் குடித்திருப்பாரோ” என்று சந்தேகப்படுகிற குடும்பம் இருக்கும், அதுவும் புதுச்சேரியில். ஊருக்கு ஏற்கெனவே இருக்கிற கெட்ட பெயர் போதாதா?

மஞ்சள் நகத்துக்கும் மஞ்சள் காமாலைக்கும் முடிச்சுப் போடுவது இதைவிட மோசம். காமாலையின் மஞ்சள் முதலில் தெரிவது கண்ணின் வெள்ளைப் பகுதியில். கண் வெள்ளையாக இருந்து நகம் மட்டும் மஞ்சளாக இருந்தால் ஈரலை விட்டுவிட்டு நகப்பூச்சையும் பூஞ்சையையும் விசாரிக்கலாம்.

சித்த மருத்துவத்தைத் துணைக்கு அழைப்பவர்களும் உண்டு. அவர்கள் எண்வகைத் தேர்வை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்: நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். நிறம் எட்டில் ஒன்று. மற்ற ஏழையும் விட்டுவிட்டு நிறத்தை மட்டும் பார்த்து, அதிலும் விரல் நுனியை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல அந்த மரபு யாருக்கும் உரிமை தரவில்லை.

பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிற, மீன் ஆய்கிற பெண்களின் கைகளைப் பட்டியல் எழுதியவர் பார்த்திருக்க மாட்டார். ஐஸ் தண்ணீரிலும் செதிளிலும் விடிகாலை முதல் ஊறுகிற கை அது. வீட்டு வேலை செய்பவர்கள், ஹோட்டலில் பாத்திரம் கழுவுபவர்கள், சலவை செய்பவர்கள் எல்லோருக்கும் இதே கதைதான். ஈரம் விடாமல் இருந்தால் நகக்கண் பிரிந்து, அந்த இடுக்கில் காண்டிடா குடியேறுகிறது; நகச்சுற்று மாதக்கணக்கில் வந்து வந்து போகிறது; நகத்தின் ஓரம் பழுப்பாகிறது. எலுமிச்சம்பழத்தில் விரலைச் செருகினாலும் அடங்காத நகச்சுற்று இது. தகடு படுக்கையை விட்டுத் தூக்கிக்கொண்டால் அடியில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வளரும். அது தன் சொந்தச் சாயத்தால் நகத்தைப் பச்சையாக்கும். பச்சை நகத்தைக் கண்டு ரத்தம் கெட்டுவிட்டது என்று பயந்து டானிக் குடிப்பவர்களுக்கு வேண்டியது கையை உலரவைப்பதும், தூக்கிய பகுதியை வெட்டிவிடுவதும், பஞ்சு உள்ளே வைத்த கையுறையும். இது தொழில் கொடுத்த நோய். ‘உள்ளுறுப்புக் கோளாறு’ என்று சொன்ன மாத்திரத்தில் தொழிலின் பங்கு மறைந்துபோகிறது; வேலை கொடுப்பவர் கையுறை வாங்கித் தர வேண்டியதும் இல்லாமல் போகிறது.

இதற்கு எதிர்ப்பக்க மூடநம்பிக்கை ஒன்றும் உண்டு: நகம் நிறம் மாறித் தடித்தாலே ‘சொத்தை’, சொத்தை என்றால் பூஞ்சை, பூஞ்சை என்றால் மெடிக்கலில் கேட்டு வாங்குகிற களிம்பு. உருக்குலைந்த நகங்களில் ஏறக்குறைய பாதிதான் பூஞ்சை. மற்றதில் சோரியாசிஸ் இருக்கிறது. அதில் எண்ணெய்த் துளி விழுந்த மாதிரி மஞ்சள் பழுப்புத் திட்டும் ஊசி குத்திய குழிகளும் தெரியும். லைக்கன் பிளேனஸ் இருக்கிறது. அதை விட்டுவைத்தால் நகவேர் தழும்பாகி நகமே திரும்ப வளராது. பூஞ்சையாகவே இருந்தாலும் பெரும்பாலும் விழுங்குகிற மாத்திரை வேண்டும், கை நகத்துக்கு 6 வாரம், கால் நகத்துக்கு 12 வாரம். அத்தனை நாள் மருந்து தின்பதற்கு முன் நகத்துண்டை வெட்டிப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்க்கிற எளிய சோதனை இருக்கிறது. அதைச் செய்யாமல் ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தேய்த்து ஒரு வருடத்தை வீணாக்குகிறோம்.

இனி கறுப்பு. மாநிறமும் கறுப்பும் உள்ள தோலில், வயது ஏறும்போது நகத்தில் நெடுக்கே பழுப்புக் கோடுகள் வருவது இயல்பு. ஆப்பிரிக்க வம்சாவளியினரில் ஐம்பதைத் தாண்டிய ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரு விரலிலாவது இருக்கும். நம்மில் பலருக்கும் பல விரல்களில் இருக்கும். நகவேரில் உள்ள மெலனின் செய்கிற வேலை. வெள்ளைத்தோலுக்கு எழுதிய எச்சரிக்கையை அப்படியே மொழிபெயர்த்து வெள்ளைநகர எல்லையைத் தாண்டி முத்தியால்பேட்டைக்கும் அரியாங்குப்பத்துக்கும் அனுப்பினால் விளைவு வெறும் பீதி.

அதே கறுப்பில் பட்டியலுக்குத் தெரியாத ஒரு செய்தி இருக்கிறது. அது கண்டுபிடிக்கப்பட்டதும் நம் பக்கத்தில்தான். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் சகாக்களும் 1963இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை எழுதினார்கள்: வைட்டமின் பி12 குறைந்தவர்களுக்குக் கைகால் தோல், முக்கியமாக விரல் மூட்டுகளின் மேற்புறம், கறுத்துப்போகிறது, வைட்டமின் கொடுத்தால் அந்தக் கறுப்பு வடிகிறது. நகமும் இப்படிக் கருநீலமாகலாம். இன்று மெட்ஃபார்மின் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடும் சர்க்கரை நோயாளிகளிடம் பி12 குறைவது தெரிந்த விஷயம். இங்கே நகம் நிஜமாகவே உதவுகிறது. எப்படி? விரல் மூட்டு கறுத்திருக்கிறதா, நாக்கு வழவழப்பாகச் சிவந்திருக்கிறதா, பாதம் எரிகிறதா, மரக்கறி மட்டும் உண்பவரா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று பேக்கர் போன்றவர்கள் ஆளையே முழுதாகப் பார்த்ததால். நிறம் விசாரணைக்குத் தொடக்கமாக இருந்தது, முடிவாக இல்லை.

மருந்தும் நகத்தைக் கறுக்கவைக்கும். புற்றுநோய்க்குக் கொடுக்கும் சைக்ளோஃபாஸ்ஃபமைடு, டாக்ஸோரூபிசின் போன்றவை பல விரல் நகங்களில் கறுப்புப் பட்டை போடும். மருந்து முடிந்தபின் நகத்தோடு வளர்ந்து போய்விடும். கோரிமேட்டு ஜிப்மரின் புற்றுநோய்ப் பிரிவுக்கு விழுப்புரம், கடலூர் கிராமங்களிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் ஒருவருடைய கைபேசிக்கு ‘கறுத்த நகம் புற்றுநோய் முற்றியதன் அடையாளம்’ என்ற படம் வந்து சேர்வதை எண்ணிப் பாருங்கள். குணமாகிக்கொண்டிருப்பவர் அடுத்த தவணை ஊசிக்கு வராமல் நின்றுவிட்டால் படத்தை அனுப்பியவர் பொறுப்பேற்பாரா?

புற்றுநோயே இல்லை என்றும் சொல்லவில்லை. நகவேரில் மெலனோமா வரும், நம்மிடையே அரிதாக. அதற்குத் தனி நடை உண்டு. ஒரே ஒரு நகம், பெரும்பாலும் கை அல்லது கால் கட்டைவிரல். நடுவயதுக்குப் பின் புதிதாக வந்த பட்டை. மாதத்துக்கு மாதம் அகலமாகிறது. நிறம் சீராக இல்லை. கறுப்பு நகத்தைத் தாண்டி நகக்கண் தோலுக்குப் பரவுகிறது. கடைசியாகச் சொன்னதை ஜோனதன் ஹட்சின்சன் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். பாடகர் பாப் மார்லியின் கால் கட்டைவிரல் நகத்தடியில் இருந்ததைக் கால்பந்து ஆட்டத்தில் பட்ட அடி என்று முதலில் நினைத்தார்கள். 1977இல் மெலனோமா என்று தெரிந்தது, 1981இல், 36 வயதில் இறந்தார். பத்து விரலிலும் கோடு உள்ளவரைப் பயமுறுத்துகிற பட்டியல், ஒரே விரலில் அகலமாகிற பட்டையைத் தனியாகக் காட்டுவதில்லை.

நீலத்தில் இந்தப் பட்டியல் உயிரோடு விளையாடுகிறது. ஆக்சிஜன் குறைந்தால் நகப்படுக்கை நீலமாகும் என்பது உண்மை. ஆனால் குளிரில் ரத்தக்குழாய் சுருங்கினாலும் நீலமாகும், ஐஸ் பெட்டியில் கைவிட்டாலும் ஆகும். அப்போது உதடும் நாக்கும் சிவப்பாகவே இருக்கும். தொழுநோய்க்குக் கொடுக்கும் டாப்சோனும் சிலருக்கு நகத்தையும் உதட்டையும் நீலமாக்கும். இதைவிட முக்கியம், நீலம் தெரியாததை நம்பக் கூடாது. நுண்ணிய ரத்தக்குழாய்களில் 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 5 கிராம் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இழந்த பின்புதான் கண்ணுக்கு நீலம் தெரியும். மொத்தமே 7 கிராம் உள்ள சோகை பிடித்த பெண்ணுக்கு அந்த 5 எப்போது சேரும்? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்குச் சோகை. மூச்சுத் திணறுகிறவருக்கு நகம் நீலமாகவில்லை என்று வீட்டில் வைத்துக்கொண்டிருப்பது எத்தனை ஆபத்து என்று இந்தக் கணக்கே சொல்லும்.

பட்டியலின் கடைசியில் தவறாமல் ஒரு விளம்பரம் வரும்: தலைமுடி, தோல், நகத்துக்கான பையோட்டின் மாத்திரை. உடம்புக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 30 மைக்ரோகிராம். கடையில் கிடைக்கும் மாத்திரையில் 10 மில்லிகிராம்வரை, அதாவது முந்நூறு மடங்குக்கு மேல். மிஞ்சியது சிறுநீரில் போய்விடும் என்று சமாதானப்பட முடியாது. இத்தனை பையோட்டின் ரத்தத்தில் இருந்தால் சில ஆய்வுக்கூட முறைகளில் தைராய்டு அளவு தப்பாக வரும். மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் உண்மையைவிடக் குறைவாக வரலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரித்தது. நகத்துக்காகத் தின்றது நெஞ்சுவலிக்குச் செய்த சோதனையைக் கெடுக்கிறது. சோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போகும்போது இந்த மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள்.

“ஜிப்மர் வரிசையில் ஒரு நாள் கூலியை விட்டு நிற்க எல்லோராலும் முடியுமா? இந்தப் பட்டியல் இலவசமாக ஏதோ ஒரு வழி காட்டுகிறதே” என்று கேட்பவர்களின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் பட்டியல் இலவசம் இல்லை. கால்சியம் டப்பாவும் பையோட்டின் அட்டையும் களிம்புக் குழாயும் சேர்ந்து ஒரு நாள் கூலியைத் தாண்டிவிடும். நிஜமாகவே இலவசமான வழிகள் வேறு. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் சோகையும் கண்ணின் வெள்ளையைப் பார்த்தால் காமாலையும் நகத்தைவிட நன்றாகத் தெரியும். நகத்தில் உள்ள புள்ளியோ கறையோ என்னவென்று தெரியாவிட்டால், அது நகக்கண்ணிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளவுகோலை வைத்துக் கைபேசியில் ஒரு படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி எடுங்கள். 3 மில்லிமீட்டர் அளவுக்கு நுனி நோக்கி நகர்ந்திருந்தால் நகத்தோடு வெளியேறிக்கொண்டிருக்கிறது, விட்டுவிடலாம். நகராமல் அங்கேயே நின்றாலோ, நெடுக்குப் பட்டை அகலமாகியிருந்தாலோ, அந்த இரண்டு படத்தையும் சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு, நகப்பூச்சைத் துடைத்துவிட்டு, தோல் பிரிவுக்குச் சீட்டு வாங்கப் போகலாம். கால் விரலையும் காட்ட வேண்டியிருக்கும்.